இரண்டு ஓதம் தவறி, மூன்றாவதில் மிதந்தோம்

எங்கள் படகின் அடுப்பு மேடைக்கு மேலே ஒரு தமிழ் நாட்காட்டி தொங்குகிறது. மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் மளிகை வாங்கும் கடையில் ஆண்டுதோறும் கொடுப்பது. இராகு காலமும் எமகண்டமும் எனக்கு அதில் தேவைப்படுவதில்லை. அமாவாசையும் பௌர்ணமியும்தான் தேவை. அவை கழிந்த ஓரிரு நாளில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், மிக உயரமாக ஏறும். 2023 அக்டோபரில், படகைத் தரையேற்றி அடிப்பகுதியைச் சுத்தம் செய்து சாயம் பூச, லூமுட் வட்டாரத்தில் ஒரு கழியோரப் படகுத் தளத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் படகு மிதக்க எவ்வளவு ஆழம் வேண்டும்?" என்பதுதான். 1.7 மீட்டர் என்றேன். "அப்படியானால் புதுநிலவுக்குப் பிறகு வாருங்கள். மற்ற நாள்களில் வாய்க்காலில் சேறுதான் இருக்கும்" என்றார்.

மகாளய அமாவாசை 14ஆம் தேதி, சனிக்கிழமை. 16ஆம் தேதி திங்களன்று ஏற்ற நீரோடு உள்ளே நுழைந்தோம். இரண்டு வார வேலை, 28ஆம் தேதி பௌர்ணமி, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ இறங்கிவிடலாம் என்பது கணக்கு. 43 நாள் தரையில் நின்றோம்.

படகின் பெயர் சிட்டு. 36 அடி நீளம், கண்ணாடியிழை உடல், 1984இல் கட்டப்பட்டது. என் கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள். எங்களில் யார் கனவு காண்பவர், யார் ரசீதுகளைக் கோப்பில் வைப்பவர் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கிள்ளானிலிருந்து லங்காவி, அங்கிருந்து பூக்கெட் என்று அவசரமில்லாமல் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். கடலுயிர்கள் ஒட்டாமலிருக்கப் படகின் அடியில் பூசும் நச்சுச் சாயமான அடிச்சாயத்தைக் கடைசியாகப் பூசி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மலாக்கா நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் அது மிக நீண்ட காலம்.

அடியில் உயிரினங்கள் குடியேறிவிட்டதைப் படகு தானாகவே சொல்லும். முதலில் வேகம் குறையும். இயந்திரத்தின் அதே சுழற்சியில் ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல் மைல்) ஓடிய சிட்டு நான்கைத் தாண்டவில்லை. எதிர் நீரோட்டம் என்று ஒரு வாரம் எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம். பிறகு இயந்திரம் சூடாகத் தொடங்கியது. குளிர்விக்கும் கடல்நீரை இழுக்கும் துளையின் சல்லடைக்குள்ளும் பார்னக்கிள்கள் முளைத்திருந்தன. மலாய்க்காரர்கள் இவற்றைத் தெரித்திப் என்பார்கள். சுண்ணாம்புக் கூட்டுக்குள் தலைகீழாக ஒட்டிக்கொண்டு வாழும் சிற்றுயிர். கூட்டின் விளிம்பு சவரக் கத்தி மாதிரி இருக்கும். என் கணவர் கையுறை இல்லாமல் முழுகிச் சுரண்டப் போய் முழங்கை வரை கீறிக்கொண்டு வந்தார். அந்தக் கீறல்கள் சீழ் பிடித்து ஆற இரண்டு வாரம் ஆனது. தடித்த கையுறையும் நீண்ட கை வைத்த சட்டையும் இல்லாமல் யாரும் இதற்காகத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

படகைத் தூக்கும் வண்டியை இயக்கியவர் ஆயர் தாவாரைச் சேர்ந்த தமிழர். நான்கு பெரிய சக்கரங்கள், நடுவே வெற்றிடம், அதில் தொங்கும் இரண்டு அகலமான பட்டைகள். படகு நீரில் மிதந்தபடியே பட்டைகளுக்கு நடுவே வந்து நிற்க வேண்டும். அவர் மேலிருந்து கேட்டார்: "அக்கா, பட்டை விழ வேண்டிய இடத்துக்குக் குறி இருக்கிறதா?"

குறி இல்லை. ஆனால் முந்தைய முறை படகு பட்டையில் தொங்கியபோது பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் என் கைப்பேசியில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. பின்பட்டை புரொப்பெல்லர் தண்டின் மேல் விழுந்தால் தண்டு வளையும். முன்பட்டை வேகமானியின் சிறு சக்கரத்தின் மேல் விழுந்தால் அது உடையும். நீருக்கடியில் இவை எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அன்று மாலையே பட்டைகள் நின்ற இடத்துக்கு நேர் மேலே, படகின் மேல்தள விளிம்பில், இருபுறமும் நிற நாடா ஒட்டி வைத்தேன். பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியையும் அவிழ்க்க வேண்டியிருந்தது. வண்டியின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. இதைத் தண்ணீரில் நிற்கும்போதே செய்து வைத்திருந்தால் பின்னால் காத்திருந்த படகுக்காரரின் முணுமுணுப்பைக் கேட்டிருக்க வேண்டாம்.

படகு வெளியே வந்ததும் முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னானது. அடிப்பகுதி ஈரமாக இருக்கும்போது பாசியும் சிப்பியும் அகலத் தகடால் தள்ளினாலே உதிரும். மதிய உணவுக்குப் போய்விட்டு வந்தால் அதே கூடுகள் சிமெண்ட்டாகிவிடும். நாங்கள் சாப்பிடாமல் சுரண்டினோம். நாற்றத்தை வருணிக்க மாட்டேன். கருவாட்டுக் கடையில் வளர்ந்தவர்கள்கூடச் சற்றுத் தள்ளி நிற்பார்கள்.

பிறகு முட்டுகள். படகின் முழுப் பாரத்தையும், அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கட்டை தாங்க வேண்டும், அதன் கீழே தடித்த மரக்கட்டைகள். இருபுறமும் நிற்கும் இரும்பு முட்டுகள் படகு சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே. எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலியால் இணைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். சங்கிலி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மழையில் மண் இளகினால் முட்டு வெளிப்பக்கம் வழுக்கும். சாயம் பூச இடைஞ்சலாக இருக்கிறதே என்று நாமாக ஒரு முட்டைத் தளர்த்தி நகர்த்துவது என்ற பேச்சே இருக்கக் கூடாது.

அடுத்த நாள் காலை வெயிலில், நீர்க்கோட்டுக்குக் கீழே, வெந்நீர் பட்ட தோலில் எழுவதைப் போன்ற கொப்புளங்கள் தெரிந்தன. சுண்ணக்கட்டியால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு எண்ணினேன். 38. பெரியது ஒரு பத்து சென் நாணய அளவு.

இந்த இடத்தில் எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். உலர்திராட்சையை நீரில் போட்டால் ஊதுகிறதே, அதே சவ்வூடு பரவல்தான் இது. கண்ணாடியிழையின் மேல்பூச்சு வழியாக நீர் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிகிறது. உள்ளே பிசினில் முழுமையாக இறுகாத பொருள்களைக் கரைத்து அமிலத் திரவமாகிறது. அந்தத் திரவம் இன்னும் நீரை இழுக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, மேல்பூச்சு உப்புகிறது. ஒரு கொப்புளத்தைக் குத்தினேன். காடி நாற்றத்தோடு பீய்ச்சியது. பழைய பழக்கத்தில் பெட்டியில் கிடந்த லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தேன், நீலம் சிவப்பானது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் எவரும் குத்திப் பார்க்க வேண்டாம்.

தளத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு. மேல்பூச்சு முழுவதையும் சீவி எடுத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, புதிதாக எப்பாக்சி என்ற நீர் புகாப் பிசினைப் பூச வேண்டும் என்றார் ஒருவர். அந்த வேலையைச் செய்து கொடுப்பதும் அவரே. பக்கத்து முட்டில் நின்ற நியூசிலாந்துக் கிழவர், பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே, "கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் பார்த்ததில்லை, கொப்புளத்துக்குச் செலவழித்து மூழ்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்" என்றார். முப்பத்தொன்பது வயதுப் படகில் 38 சிறு கொப்புளம் என்பது மூப்பின் அடையாளம், நோயல்ல என்று முடிவு செய்தேன். ஆயிரக்கணக்கில் இருந்திருந்தால், ஆழமாக இழைக்குள் இறங்கியிருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

ஒவ்வொன்றையும் தட்டுப் போலக் குடைந்து திறந்தோம். நாள்தோறும் இரண்டு வேளை நன்னீரால் கழுவினோம்; உள்ளே ஊறிய அமிலமும் உப்பும் வெளியேறாமல் மூடினால் அதே இடத்தில் மீண்டும் எழும். அடுத்தது காய்தல். மழைக்குப் பேர்போன தைப்பிங் எங்களுக்கு வடக்கே சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் அதன் மழையில் எங்களுக்கும் பங்கு வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுக்கும், நான்கு மணிக்குக் கொட்டும். படகின் பக்கங்களில் வழியும் மழைநீர் நேராகக் குடைந்த குழிகளுக்கு இறங்கும். நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே பிளாஸ்டிக் விரிப்பை நாடாவால் ஒட்டிப் பாவாடை கட்டிவிட்டோம். சிட்டு பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குப் போகிற குழந்தை போல நின்றாள்.

காய்ந்ததா என்று அறிய ஈரமானி இருக்கிறது. தளத்தில் இருந்தது ஒரே இடத்தில் மூன்று முறை வைத்தால் மூன்று எண் காட்டியது. கிழவர் சொன்ன வழியே போதுமானதாக இருந்தது: ஓரடிச் சதுரத் தெளிந்த பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி, ஒரு பகலும் இரவும் விட்டுவிடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் உடல் இன்னும் ஈரத்தை விடுகிறது. எங்கள் தாளில் 27ஆம் தேதிகூடத் துளி இருந்தது. பௌர்ணமி வந்தது, ஓதம் ஏறியது, வடிந்தது. முதல் ஓதம் போயிற்று.

காத்திருந்த நாள்களில்தான் உண்மையான ஆபத்தைக் கண்டுபிடித்தோம். படகின் அடியில் ஐந்து கடல்நீர் வால்வுகள். தரையில் இருக்கும்போது ஒவ்வொன்றையும் கழற்றித் துடைப்பது என் வழக்கம். கழிவறைக்கு நீர் எடுக்கும் வால்வின் முனையில் குழாய் மாட்டும் பகுதி மஞ்சளாக இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது. குறட்டால் மெல்லப் பிடித்தேன். பிஸ்கட் போல நொறுங்கிக் கையோடு வந்தது.

பித்தளைக் குடத்துக்கும் வெண்கல உருளிக்கும் வேறுபாடு தெரிந்த வீடுகளில் இதைச் சொல்வது எளிது. பித்தளை செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். கடல்நீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சிவிடும். எஞ்சுவது வலுவில்லாத செம்புப் பஞ்சு, அதனால்தான் அந்த இளஞ்சிவப்பு. முந்தைய உரிமையாளர் யாரோ வெண்கல வால்வில் பித்தளை முனையைப் பொருத்தியிருக்கிறார். விலை ஐம்பது ரிங்கிட்கூட இராது. நடுக்கடலில் அது உடைந்திருந்தால், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று நானும் கணவரும் அன்று இரவு பேசிக்கொள்ளவில்லை. ஐந்து முனைகளையும் வெண்கலத்தில் மாற்றினோம். புரொப்பெல்லர் தண்டைப் பிடித்து ஆட்டினேன், கடகடத்தது. ரப்பர் தாங்கியையும் மாற்றினோம். புரொப்பெல்லருக்குப் பதிலாகத் தாம் கரைவதற்கென்றே பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தன, அவையும் புதிது. அவற்றின் மேல் மட்டும் சாயம் படக் கூடாது. பட்டால் அவை வேலை செய்யா, அவற்றுக்குப் பதிலாகப் புரொப்பெல்லர் கரையும்.

தரையில் நிற்கும் படகில் வாழ்வது மாடி வீட்டில் குழாயில்லாமல் வாழ்வது. பாத்திரம் கழுவிய நீர் வெளியே போகக் கூடாது, கீழே ஈரமில்லாமல் வைத்திருக்கும் உடலில் வழியும். வாளியில் சேர்த்து இறக்க வேண்டும். கடல்நீரால் குளிரும் எங்கள் குளிர்ப்பெட்டி தரையில் ஓடாது. சித்தியவானில் பனிக்கட்டி வாங்கி வந்தோம். இரவில் கழிவறைக்கு ஏணி இறங்கி, கைவிளக்கோடு, நாய்களுக்கு வணக்கம் சொல்லி, நூறு மீட்டர் நடை. ஏணியின் தலைப்பைப் படகோடு கயிற்றால் கட்டுங்கள். தூக்கக் கலக்கத்தில் கால் வைக்கும் முதல் படிதான் ஆளை விழுங்கும். மூன்றாம் நாள் முட்டுகளின் வழியே எறும்புகள் மேலேறின. முட்டுகளில் வாசலின் தடவினேன். அவை ஏணி வழியாக வந்தன. ஏணிக்காலிலும் தடவினேன். மின்சாரக் கம்பி வழியாக வந்தன.

இனி அடிச்சாயம். இதில் நச்சு என்பது பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு, செம்பின் ஆக்சைடு. முன்பு வெள்ளீயச் சேர்மமான டிபிடி கலந்தார்கள். அற்புதமாக வேலை செய்தது, ஆனால் சிப்பிகளும் நத்தைகளும் அதனால் உருக்குலைந்தன. 2001இல் சர்வதேச ஒப்பந்தம் உருவாகி, 2008இல் நடைமுறைக்கு வந்து, அது தடைசெய்யப்பட்டது. பழைய படகுக்காரர்கள் சிலர் இன்னும் அதற்காக ஏங்குவார்கள், நான் ஏங்கவில்லை. செம்பும் நஞ்சுதான். பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் சிவப்புத் தூசி நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், நல்ல முகக்கவசம் வேண்டும், வழியும் சேற்றைக் கழியில் விடாமல் விரிப்பில் சேர்க்க வேண்டும்.

சாயத்தில் இரண்டு குலம். ஒன்று கெட்டியாக நிற்பது. நச்சு தீர்ந்ததும் வெறும் மேலோடு மிஞ்சும், ஆண்டுகள் செல்லச் செல்ல அடுக்கு தடிக்கும். மற்றது ஓடஓடத் தானே தேய்ந்து புதுப்பரப்பைக் காட்டுவது. நாங்கள் எடுத்தது தேய்வது. தேய்கிற சாயத்தின் மேல் கெட்டிச் சாயம் பூசினால் அடித்தளமே இல்லாத வீடு. பழைய சாயம் எது என்று ரசீது இல்லாவிட்டால் இடையில் ஒரு பிணைப்புப் பூச்சு கொடுத்துவிடுவது நல்லது. எங்களிடம் ரசீது இருந்தது, கோப்பில்.

எவ்வளவு வாங்குவது? நீர்க்கோட்டு நீளத்தை, அகலமும் நீராழமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் பெருக்குங்கள். எங்களைப் போன்ற நடுத்தர உடலுக்கு அதில் முக்கால் பங்கு. ஒன்பது மீட்டர் நீளம், 3.4 மீட்டர் அகலம், 1.7 மீட்டர் ஆழம்: ஏறத்தாழ 34 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒன்பது சதுர மீட்டருக்கு வரும் என்று கொண்டால் இரண்டு பூச்சுக்கு ஏழரை லிட்டர். நீர்க்கோட்டு ஓரம், சுக்கானின் முன் விளிம்பு, அடிக்கட்டையின் முன் விளிம்பு ஆகியவற்றில் நீர் அதிகம் உரசும். அங்கே மூன்றாவது பூச்சு. பத்து லிட்டர் போதும். என் கணவர் பதினைந்து வாங்கி வந்தார். மிச்சம் இன்னும் படுக்கைக்கு அடியில் இருக்கிறது.

குழிகளை எப்பாக்சிப் பட்டியால் நிரப்பிய மறுநாள், மேலே மெழுகு தடவியது போல வழவழப்பு இருந்தது. ஈரக் காற்றில் எப்பாக்சி இறுகும்போது வியர்த்துக்கொள்ளும் படலம் அது. உடனே உப்புத்தாளை எடுத்தால் மெழுகை உள்ளே தேய்ப்பதுதான் நடக்கும். முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாருமாகக் கழுவ வேண்டும், அது தண்ணீருக்கே போய்விடும். அடுத்து எப்பாக்சி அடிப்பூச்சு. அதன் மேல் அடிச்சாயத்தை எப்போது பூசுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரலில் சாயம் ஒட்டக் கூடாது. அந்த இடைவெளி டப்பாவில் குளிர்நாட்டுக் கணக்கில் நீளமாகப் போட்டிருக்கும். லூமுட் வெயிலில் நான் தேநீர் போட்டுக் குடிப்பதற்குள் முடிந்துவிடும் போலிருந்தது. தவறவிட்டால் இறுகிய எப்பாக்சியைத் தேய்த்து மீண்டும் தொடங்க வேண்டும். அதனால் படகைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அவர் அடிப்பூச்சோடு முன்னே போக, நான் விரலை அழுத்தி அழுத்திப் பின்னால் சாயத்தோடு போனேன்.

முதல் பூச்சு சிவப்பு, அடுத்தது நீலம். நாளை நீலத்தில் சிவப்புத் தெரியத் தொடங்கினால் அந்த இடம் தேய்ந்துவிட்டது என்று முழுகிப் பார்த்தே சொல்லிவிடலாம். டப்பாவின் அடியில் செம்பு கனமாகப் படிந்திருக்கும். துளைக் கருவியில் கலக்கும் தண்டை மாட்டி நன்றாகக் கலக்காவிட்டால் விலை கொடுத்த நஞ்சு டப்பாவோடு குப்பைக்குப் போகும்.

நவம்பர் முதல் வாரத்தில் இது முடிந்தது. தீபாவளி 12ஆம் தேதி, அமாவாசை ஓதம். இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை, காரணம் பேராசை.

நியூசிலாந்துக் கிழவரின் படகுப் பக்கங்கள் கண்ணாடி போல மின்னின. என் கணவர் அதில் தலை வாரிக்கொள்வார். சிட்டுவின் பக்கங்கள் வெளிறித்தான் இருந்தன, ஆனால் அதனால் ஒரு சொட்டு நீரும் உள்ளே வராது. மிதக்கும்போதே மெருகேற்றிச் சமாளிக்கலாம். இருந்தாலும், படகு தரையில் நிற்கும்போது எல்லா வேலையும் அவசியமாகவே தெரியும்; "வந்ததோடு வந்தாயிற்று" என்ற ஒரு வாக்கியம் எங்கள் ஆண்டுச் செலவைத் தின்றது. தளத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை எடுக்கும் ஒருவரிடம் இரண்டு டப்பா கலக்கும் பாலியூரிதேன் சாயத்தைத் தெளிக்கக் கொடுத்தோம். வேலைத் தொகை எழுதினோம், நாள் எழுதினோம். ஈரப்பதம் கூடினால் வேலையை நிறுத்தும் முடிவு யாருடையது என்று எழுதவில்லை.

9ஆம் தேதி மழை சீக்கிரமே ஓய்ந்தது. அவர் மாலை ஐந்து மணிக்குத் தெளிப்பானோடு வந்தார். "இன்றைக்கு வேண்டாமே" என்றேன். "காற்றில்லை அக்கா, இதுதான் நல்ல நேரம்" என்றார். காற்றில்லை என்பது உண்மை. வலப்பக்கம் முழுவதும் இருட்டுவதற்குள் தெளித்தார், ஈரமான கண்ணாடி போல ஜொலித்தது. பின்னிரவில் பனி இறங்கியது. காலையில் ஏணி இறங்கியபோது வலப்பக்கம் முழுவதும் பால் ஆடை படர்ந்தது போல மங்கியிருந்தது. இந்தச் சாயத்தை இறுகவைக்கும் இரண்டாவது டப்பாத் திரவமான இறுக்கி ஈரத்தோடு வினைபுரியும். இறுகுவதற்கு முன் பனி பட்டால் மினுக்கம் செத்துப்போகும். இதை நான் வகுப்பு வகுப்பாக மாணவர்களுக்கு விளக்கியிருப்பேன். என் படகுக்கு நேரும்போது "வேண்டாமே" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு நின்றேன். அவரைத் திட்டிப் பயனில்லை. பாதிப் பணத்தோடு பிரிந்தோம்.

அந்தத் தீபாவளி ஏணிக்கு மேலே நடந்தது. விடுமுறை திங்களும் சேர்ந்துகொண்டதால் தளம் காலி. தூக்கு வண்டிக்காரர் வீட்டிலிருந்து முறுக்கும் ஆட்டிறைச்சிக் குழம்பும் கொண்டு வந்து, வாளியில் வைத்துக் கயிற்றால் மேலே அனுப்பினார். கீழே வாய்க்காலில் தண்ணீர் அழகாக விளிம்பு வரை ஏறியிருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம், யாரும் எதுவும் சொல்லவில்லை.

மங்கிய பக்கத்தைத் தேய்த்து எடுக்க நான்கு நாள். இந்த முறை கையால். ஒருவர் நுரை உருளையால் மெல்லிய படலமாக உருட்ட, மற்றவர் உடனே பின்னால் நல்ல தூரிகையின் நுனியால், எடை கொடுக்காமல், ஒரே திசையில் இழுக்க வேண்டும். குமிழ்கள் உடைந்து பரப்பு தானே சமமாகும். இருவருக்கு இடையே ஓரடிக்கு மேல் தூரம் கூடாது. திரும்பிப் போய் ஒரு குறையைத் திருத்தவே கூடாது. முப்பது ஆண்டுத் திருமணத்தில் நாங்கள் பேசிப் பழகாத ஒழுங்கு இது. காலைப் பனி முழுதும் காய்ந்த பிறகு ஒன்பதரை மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டுக்குள் நிறுத்திவிடுவோம். மழை வருவதற்குள் சாயம் தொடும் அளவுக்கு இறுகிவிடும். தெளிப்பதில்லை என்பதால் இறுக்கியின் நச்சுப் புகையும் மிகக் குறைவு; தெளிப்பவருக்கு வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி வேண்டும், சாதாரண முகக்கவசம் உதவாது. பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் எங்கள் வேலை தொழிற்சாலை வேலை. இரண்டடியில் பார்க்க வருபவர்களைத் தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிடுவேன்.

சாயத்தோடு படகின் பெயரும் போய்விட்டதால் ஒட்டுத்தாளில் புதிதாக வெட்ட ஒரு பெயர்ப்பலகைக் கடைக்குப் போனோம். கடைப் பையன் கணினியில் "சிட்டு" என்று ஒட்டினான்; எந்திரம் புள்ளியைத் தனியாக அனாதையாக்கி "சிடடு" என்று வெட்டிக் கொடுத்தது. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்புமாறு சொன்னேன். தமிழ்ப் பெயர் வைக்கும் எவரும் இதை நினைவில் வையுங்கள். அந்த முதல் தாள் இப்போது எங்கள் கருவிப் பெட்டியின் மூடியில் இருக்கிறது.

கார்த்திகைத் தீபம் 26ஆம் தேதி. தின்னர் டப்பாக்கள் இருக்கும் இடத்தில் விளக்கேற்றக் கூடாது என்பதால் வாசல் கேட்டருகே ஓர் அகல் வைத்தேன். 27ஆம் தேதி மாலை தூக்கு வண்டி வந்து படகைப் பட்டையில் ஏந்தியது. முட்டுகளின் பலகை அழுத்தியிருந்த இடங்களும் அடிக்கட்டையின் அடியும் அதுவரை பூசப்படாதவை. அவற்றைத் தேய்த்துப் பூச, இரவு முழுவதும் படகு பட்டையில் தொங்கலாமா என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்திருந்தேன். கடைசி நாளில் கேட்டால் வண்டிக்கு வேறு வேலை இருக்கும்.

மறுநாள் ஏற்ற நீரில் சிட்டு இறங்கினாள். "பட்டையை எடுக்கவா அக்கா?" என்றார் அவர். "இருபது நிமிடம் பொறுங்கள், தம்பி" என்றேன். படகு மிதந்தாலும் பட்டை கீழேயே இருக்கட்டும். கசிந்தால் ஒரு பொத்தானில் மேலே வந்துவிடலாம். தரைப் பலகைகளைத் திறந்து கைவிளக்கோடு ஐந்து வால்வுகளையும் விரலால் தடவினேன், உலர்ந்திருந்தன. தண்டு வெளியேறும் இடத்தில் துளித்துளியாகச் சொட்டியது, அது அப்படித்தான். படகின் முன்பகுதியான அணியத்துக்குப் போனேன். வேகமானிக் குழலைச் சுற்றி நீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியது நான். இரண்டு ரப்பர் வளையங்களில் ஒன்று மேசையின் இழுப்பறையில், நான் பத்திரமாக வைத்த இடத்திலேயே இருந்தது. மேலே தூக்கச் சொல்லி, வளையத்தைப் போட்டு, மீண்டும் இறங்கினோம். வாய்க்காலில் நீர் வடியத் தொடங்கியிருந்தது. அடிக்கட்டைக்குக் கீழே முப்பது சென்டிமீட்டர் என்று ஆழமானி காட்டியபோது வெளியேறினோம்.

பங்கோர் தீவைத் தாண்டியதும் கணவர் இயந்திரத்தைப் பழைய சுழற்சியில் வைத்தார். வேகமானி 5.8 காட்டியது. அவர் அதை வாய்விட்டு இரண்டு முறை படித்தார். நான் தேநீர் போடச் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். எறும்புகள் லங்காவி வரை எங்களோடு வந்தன.